பொம்மையிலிருந்து வினாத்தாளுக்கு: கறுப்பின அடையாளத்தை அளக்க முயன்ற அறுபது ஆண்டுகள்

1951 மே மாதம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்ற ஏற்பாட்டை எதிர்த்து பிரிக்ஸ் எதிர் எலியட் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் சாட்சி சொல்ல கென்னத் கிளார்க் என்ற உளவியலாளரை அழைத்திருந்தார்கள். அவர் கிளாரெண்டன் கவுண்டிக்குப் போய், 6 முதல் 9 வயது வரையுள்ள 16 கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டிச் சில கேள்விகள் கேட்டார். 10 பேர் வெள்ளைப் பொம்மைதான் பிடிக்கிறது என்றார்கள். 11 பேர் பழுப்புப் பொம்மையைக் காட்டி இதுதான் மோசமாக இருக்கிறது என்றார்கள். பிரித்து வைக்கும் முறை இந்தப் பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்தியிருக்கிறது என்று கிளார்க் சாட்சி சொன்னார்.

அந்த வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு மற்ற வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. 1954 மே 17 அன்று வந்த பிரவுன் தீர்ப்பு, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் முதலாவதாக இடம்பெற்றது, பாகுபாடு குழந்தைகளின் ஆளுமையை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றி கிளார்க் 1950இல் எழுதிய அறிக்கை.

தீர்ப்பு சரியானது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு பிள்ளையை நிறத்தைப் பார்த்துத் தனிப் பள்ளிக்கு அனுப்புவது அநீதி என்று சொல்வதற்குப் பொம்மையே தேவையில்லை. ஆனால் பொம்மைச் சோதனையிலிருந்து உளவியல் துறை எடுத்துக்கொண்ட முடிவு வேறு. ‘கறுப்பினத்தவர் தங்களையே வெறுக்கிறார்கள்’ என்ற வாசகம் பாடப்புத்தகங்களில் ஏறி, பல ஆண்டுகள் அப்படியே நின்றது. ஒரு மக்கள் கூட்டத்தின் மனநலத்தைப் பற்றிய இவ்வளவு பெரிய தீர்மானம், உண்மையில் என்ன கேட்டு, என்ன பதில் வாங்கி எட்டப்பட்டது? பின்னால் வந்த வினாத்தாள்கள் அதை எப்படிப் பிரித்துப் பார்த்தன? இந்த ஆய்வின் பொருள் அதுதான்.

253 பிள்ளைகள்

கிளாரெண்டனுக்கு முன்பே பெரிய சோதனை ஒன்று நடந்திருந்தது. அதன் வேர் மேமி கிளார்க் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த முதுகலை ஆய்வில் இருக்கிறது. கறுப்பினப் பாலர்களுக்கு ‘நான்’ என்ற உணர்வு எப்படி வளர்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கணவர் கென்னத் பிறகு சேர்ந்துகொண்டார். பொம்மைச் சோதனை என்றதும் கணவர் பெயர் மட்டும் நினைவுக்கு வருவது நியாயமில்லை. தொடக்கம் மேமியுடையது.

இருவரும் 1947இல் வெளியிட்ட கட்டுரையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 பிள்ளைகள் இருக்கிறார்கள். 134 பேர் தெற்கே ஆர்கன்சாவின் தனிப் பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கலப்புப் பள்ளிகளில் படித்தவர்கள். எதிரே நான்கு பொம்மைகள். இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. எட்டுக் கேள்விகள். விளையாட எது வேண்டும், எது நல்ல பொம்மை, எது மோசமாக இருக்கிறது, எதன் நிறம் நன்றாக இருக்கிறது என்று தொடங்கி, கடைசியாக ‘உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு’ என்று முடியும்.

67 சதவீதம் பேர் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மை மோசமாக இருக்கிறது என்றார்கள். உன்னைப் போல இருப்பது எது என்றபோது 66 சதவீதம் பேர் பழுப்பையும் 33 சதவீதம் பேர் வெள்ளையையும் எடுத்தார்கள். அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் சில பிள்ளைகள், குறிப்பாக வடக்கில், அழுதே விட்டார்கள். அந்த அழுகையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பலரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்களைத்தான். கட்டுரையின் உள் அட்டவணைகளைப் பார்த்தால் கதை மாறத் தொடங்குகிறது. வெள்ளைப் பொம்மையைத் ‘தன்னைப் போல’ என்று எடுத்தவர்கள் யார்? மிக வெளிர் நிறத் தோல் கொண்ட பிள்ளைகளில் 20 சதவீதம் பேர்தான் பழுப்புப் பொம்மையைத் தங்களைப் போல என்றார்கள். நடுத்தர நிறத்தவரில் 73, கருநிறத்தவரில் 81 சதவீதம். வெளிர் தோல் கொண்ட பிள்ளை தன் கையைப் பார்த்து, நிறத்துக்கு அருகில் இருப்பதை எடுத்திருக்கலாம். வயதும் அப்படித்தான். 3 வயதில் 36 சதவீதம், 7 வயதில் 87 சதவீதம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இனம் என்ற வகை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது.

அதைவிட முக்கியமானது வடக்கு தெற்கு வேறுபாடு. பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 49. விளையாட வெள்ளையைக் கேட்டவர்கள் வடக்கில் 72, தெற்கில் 62. கலப்புப் பள்ளியில் படித்தவர்களே வெள்ளைப் பொம்மையை அதிகம் விரும்பினார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜான் டேவிஸ் உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கிளார்க் கொடுத்த விளக்கம்: தெற்குப் பிள்ளைகள் தாழ்ந்த நிலையை இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், வடக்குப் பிள்ளைகள் மனப்போராட்டத்தை வெளியே காட்டுகிறார்கள், இரண்டுமே காயம்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதில் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே முடிவு என்றால், அந்தக் கேள்வியால் அந்த முடிவைச் சோதிக்க முடியாது. இந்தச் சோதனையின் மையமான பலவீனம் இது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு பதிலுக்குள் மூன்று பதில்கள்

‘எது நல்ல பொம்மை?’ என்று கேட்டால் ஒரு பிள்ளை மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். நான் எப்படிப்பட்டவன் என்பது ஒன்று. என் கூட்டத்தாரை நான் எப்படி நினைக்கிறேன் என்பது இன்னொன்று. ஊர் உலகம் எதை நல்லது என்கிறது என்பது மூன்றாவது. கடையிலும் படப்புத்தகத்திலும் விளம்பரத்திலும் எல்லாமே வெள்ளையாக இருந்த காலத்தில், ஐந்து வயதுப் பிள்ளை வெள்ளைப் பொம்மையைக் காட்டியது மூன்றாவது பதிலாக இருந்திருக்கலாம். அதை முதல் பதிலாக வாசித்தால் அதன் பெயர் சுயவெறுப்பு ஆகிவிடுகிறது.

இதை எண்களால் சோதிக்க முடியும். மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட பத்துக் கூற்று சுயமதிப்பு அளவுகோலில் இனம் என்ற சொல்லே இல்லை. நான் மதிப்புள்ள மனிதன்தான், என்னிடம் பெருமைப்பட அதிகமில்லை போன்ற கூற்றுகள்தான். ரோசன்பர்க்கும் ராபர்ட்டா சிம்மன்ஸும் பால்டிமோர் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1971இல் வெளிவந்தது. கறுப்பின மாணவர்களின் சுயமதிப்பு வெள்ளையின மாணவர்களைவிடக் குறைவாக இல்லை. அப்புறம் வந்த ஆய்வுகளும் இதையே சொன்னன. 2002இல் ஜீன் ட்வெங்கேயும் ஜெனிஃபர் கிராக்கரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கறுப்பினத்தவரின் சராசரி திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவில்) 0.19 அளவுக்கு வெள்ளையினத்தவரைவிட அதிகமாகவே இருந்தது.

பொம்மை விருப்பமும் நிலையானதாக இல்லை. 1969இல் ஜோசஃப் ஹ்ராபாவும் ஜெஃப்ரி கிராண்ட்டும் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் அதே சோதனையைத் திரும்ப நடத்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் 70 சதவீதம் பேர் விளையாட கறுப்புப் பொம்மையையே எடுத்தார்கள். ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் தெருவெங்கும் ஒலித்த காலம் அது. அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் கிடைத்தது. எந்த நிறப் பொம்மை பிடிக்கிறது என்பதற்கும், அந்தப் பிள்ளையின் நண்பர்கள் எந்த இனம் என்பதற்கும் தொடர்பு இல்லை.

கிராஸின் படிநிலைகளும் அவற்றை அளந்த வினாத்தாளும்

வில்லியம் கிராஸ் என்ற கறுப்பின உளவியலாளர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தன்னைச் சுற்றிலும் இளைஞர்கள் தலைமுடி, உடை, பேச்சு, படிப்பு எல்லாவற்றிலும் மாறிக்கொண்டிருந்ததைப் பார்த்த கிராஸ், அந்த மாற்றத்தை ஐந்து படிகளாக எழுதினார். இனத்தைப் பெரிதாக நினைக்காத அல்லது தாழ்வாக நினைக்கும் முன்நிலை. பழைய எண்ணத்தை உடைக்கும் ஒரு மோதல். கறுப்பு என்ற எல்லாவற்றிலும் மூழ்கி எழுதல். பிறகு அது நிதானமாக மனத்தில் ஊன்றுதல். கடைசியாக, அந்த உணர்வோடு நெடுநாள் பொதுப்பணியில் நிற்றல்.

இதை வினாத்தாளாக்கியவர்கள் தாமஸ் பாரமும் ஜேனட் ஹெல்ம்ஸும். 1981இல் அவர்கள் வெளியிட்ட இன அடையாள மனப்பான்மை அளவுகோலில் 30 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ முதல் ‘முழுக்க ஆம்’ வரை ஐந்து புள்ளி விடைகள். கறுப்பின மாணவர்கள் எந்த இன ஆலோசகரிடம் பேச விரும்புகிறார்கள், அது அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுமா என்பதுதான் அவர்கள் தேடியது. அதுவரை ‘கறுப்பின மாணவர் என்றால் கறுப்பின ஆலோசகர்தான்’ என்று மொத்தமாக முடிவுகட்டியவர்களுக்கு இது நல்ல மறுப்பு. ஒரே இனத்துக்குள் எத்தனை விதமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை ஆலோசனைத் துறை இந்த அளவுகோலால்தான் கவனிக்கத் தொடங்கியது. ஹெல்ம்ஸின் பங்கை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் அளவுகோல் தடுமாறியது. 1987இல் ஜோசஃப் பொன்டரோட்டோவும் ஸ்டீவன் வைஸும் காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கூற்றுகளின் பதில்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்தபோது மற்றப் படிகள் தெரிந்தன, மோதல் படி மட்டும் தனியாகத் திரண்டு வரவில்லை. பல ஆய்வுகளில் அந்தப் படியை அளக்கும் கூற்றுகளின், அதாவது அந்தத் துணை அளவுகோலின், நம்பகத்தன்மை எண் (கூற்றுகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) குறைவாகவே கிடைத்தது. யோசித்தால் இது புரிகிறது. மோதல் என்பது ஒரு நிகழ்ச்சி. சில வாரங்கள் ஆளைப் புரட்டிப்போட்டுவிட்டுக் கடந்து போவது. அந்த நேரத்தில் இருப்பவர் ஒரு கூற்றுக்கு ‘ஆம்’ என்பார், அதே பொருளுள்ள அடுத்த கூற்றுக்கு ‘இல்லை’ என்பார். நிலையான குணத்தை அளக்கச் செய்த கருவி அதைப் பிழை என்றுதான் எண்ணும்.

இன்னொரு சிக்கல் கூற்றுகளிலேயே இருந்தது. ஊன்றிய நிலையை அளக்க வைத்த ஒரு கூற்று, நான் எங்கிருந்தாலும் எனக்கு வசதியாகவே இருக்கிறது என்ற பொருள் தருவது. இதில் இனம் எங்கே இருக்கிறது? கூச்சமில்லாத எவரும் ‘ஆம்’ என்பார். இப்படிப்பட்ட கூற்றுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் எடுத்து, அது சுயமதிப்போடு சேர்ந்து போகிறது என்று காட்டினால், தன்னம்பிக்கை தன்னம்பிக்கையோடு சேர்ந்து போகிறது என்பதைத்தான் காட்டியிருக்கிறோம். முன்நிலை துணை அளவுகோலிலோ இரண்டு விதமானவர்கள் கலந்து கிடந்தார்கள். இனம் எனக்கு முக்கியமில்லை என்பவரும், என் இனத்தை எனக்குப் பிடிக்கவில்லை என்பவரும் ஒரே மதிப்பெண் வாங்கினார்கள்.

கிராஸ் தன் கோட்பாட்டைத் திருத்தியது

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கிராஸ் 1939 முதல் 1977 வரையிலான கறுப்பின அடையாள ஆய்வுகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் உண்மையில் எதை அளந்தது என்று பார்த்தார். தனிமனித உணர்வை அளந்தவை ஒரு வகை. எந்தக் கூட்டத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்கிறார் என்பதை அளந்தவை இன்னொரு வகை. பொம்மை ஆய்வுகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றின் முடிவுகள் முதல் வகையைப் பற்றியவையாக எழுதப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே ஆட்களிடம் சேர்த்து அளந்த ஆய்வுகள் மிகச் சில. இதை 1991இல் அவர் விரிவாக எழுதியபோது தன் கோட்பாட்டையும் திருத்தினார். முன்நிலையில் இருப்பவர் தன்னையே வெறுப்பவர் என்ற தன் பழைய அனுமானத்தைக் கைவிட்டார்.

திருத்திய கோட்பாட்டை அளக்க பெவர்லி வான்டிவர், ஃபிராங்க் வொரல், பியோனி ஃபேகன் ஸ்மித் ஆகியோர் கிராஸோடு சேர்ந்து புதிய அளவுகோல் செய்து 2002இல் வெளியிட்டார்கள். 40 கூற்றுகள், ஏழு புள்ளி விடைகள். 30 கூற்றுகளுக்குத்தான் மதிப்பெண். மிச்சம் 10 இடையில் கலந்துவிட்டவை. மோதல் படியை அளக்கும் முயற்சியை விட்டுவிட்டார்கள். ஆறு துணை அளவுகோல்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து கூற்றுகள்.

பழைய முன்நிலை இதில் மூன்றாக உடைந்தது. நான் ஓர் இனத்தவன் என்பதைவிட அமெரிக்கன் என்பதே சரி என்ற கலந்துபோகும் நிலை. கறுப்பர்கள் உழைப்பைவிடக் கேளிக்கையைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதுபோல, ஊர் பரப்பிய கதைகளை நம்பும் நிலை. கறுப்பாக இருப்பதைப் பற்றி உள்ளுக்குள் சில சமயம் கசப்பு வருகிறது என்ற சுயவெறுப்பு நிலை. சுயமதிப்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்தபோது இந்த மூன்றில் சுயவெறுப்பு மட்டுமே குறைந்த சுயமதிப்போடு சேர்ந்து வந்தது. தன்னை முதலில் அமெரிக்கன் என்று சொல்லும் கறுப்பினத்தவர் மனம் ஒடிந்தவரும் இல்லை, தன்னை ஒளிப்பவரும் இல்லை. சுயவெறுப்பு இருக்கிறது, சிலரிடம் இருக்கிறது, அது வலிக்கிறது. ஆனால் அது ஒரு சமூகத்தின் பொதுக் குணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

‘படி’ என்ற எண்ணமும் இங்கே தளர்ந்தது. ஒருவருக்கு ஆறு துணை அளவுகோல்களிலும் ஒரே நேரத்தில் மதிப்பெண் உண்டு. எவை கூடுதல், எவை குறைவு என்ற வடிவத்தைப் பார்ப்பதே சரி என்று வொரல் குழுவினர் எழுதினார்கள்.

செல்லர்ஸ் கேட்ட வேறு கேள்வி

இதற்கிடையே உளவியலாளர் ராபர்ட் செல்லர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வேறு பாதையில் போனார்கள். எது ஆரோக்கியமான கறுப்பின அடையாளம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க மாட்டோம் என்பது அவர்களுடைய தொடக்கம். 1997இல் இரண்டு பல்கலைக்கழகங்களின் 474 கறுப்பின மாணவர்களை வைத்து அவர்கள் வெளியிட்ட அளவுகோலின் திருத்திய வடிவில் 56 கூற்றுகள் இருக்கின்றன. இனம் என் ‘நான்’இல் எவ்வளவு மையம் என்பதற்கு 8. என் இனத்தை நான் எப்படி மதிக்கிறேன் என்பதற்கு 6. மற்றவர்கள் என் இனத்தை எப்படி மதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்பதற்கு 6. கறுப்பினத்தவர் எப்படி வாழ வேண்டும் என்ற நான்கு விதக் கொள்கைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 9.

பொம்மைக் கேள்வியில் ஒட்டிக்கிடந்த இரண்டாவது பதிலும் மூன்றாவது பதிலும் இங்கே தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. தன் மதிப்பு வேறு, ஊர் தரும் மதிப்பு வேறு. ‘மற்றவர்கள் கறுப்பினத்தவரை மதிக்கிறார்கள்’ என்ற கூற்றுக்கு ‘இல்லவே இல்லை’ என்று சொல்பவர், ‘கறுப்பாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி’ என்பதற்கு ‘முழுக்க ஆம்’ என்று சொல்லலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களை 1940களில் நிறுத்தி, ஊர் எந்தப் பொம்மையை நல்லது என்கிறது என்று கேட்டால், வெள்ளையைத்தான் காட்டியிருப்பார்கள்.

பிரித்ததால் கிடைத்த பலன் உடனே தெரிந்தது. தன் இனத்தைப் பற்றிய மதிப்பு சுயமதிப்போடு சேர்ந்து போவது, இனம் தன் அடையாளத்தின் மையமாக இருப்பவர்களிடம்தான் என்று 1998இல் ஸ்டெஃபனி ரௌலியும் செல்லர்ஸ் குழுவினரும் காட்டினார்கள். பாகுபாட்டை ஆராய்ந்தபோது இன்னும் எதிர்பாராதது வந்தது. 2003இல் செல்லர்ஸும் நிக்கோல் ஷெல்ட்டனும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஊர் நம்மை மதிப்பதில்லை என்று நினைப்பவர்களைப் பாகுபாடு குறைவாகவே நிலைகுலைய வைத்தது. 2006இல் 314 வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வும் அதே திசையில் போனது; அப்படி நினைப்பவர்கள் பாகுபாட்டை அதிகமாக எதிர்கொண்டதாகச் சொன்னதும் அதில் தெரிந்தது. உலகம் நியாயமானது என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. எதிர்பார்த்த பிள்ளைக்கு அதற்கு ஒரு விளக்கம் கையில் இருக்கிறது. வீட்டில் பெற்றோர் வெளி உலகைப் பற்றி முன்கூட்டியே பேசி வைப்பதன் பயன் இதில் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

எல்லா இனத்தவருக்கும் பொதுவான வினாத்தாள் ஒன்றும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய ஜீன் ஃபின்னி 1992இல் செய்தது. அதன் நல்ல அம்சம், உங்கள் இனம் எது என்பதை நீங்களே உங்கள் சொல்லில் எழுத இடம் விட்டிருப்பது. டொரன்டோவில் வளரும் ஒரு பிள்ளை அந்த இடத்தில் தமிழர் என்றோ இலங்கையர் என்றோ கனடியர் என்றோ எழுதிக்கொள்ளலாம். என் இனத்தின் வரலாற்றையும் வழக்கங்களையும் அறிய நேரம் செலவிட்டிருக்கிறேன் என்பதுபோல, தேடலையும் பிடிப்பையும் கேட்கும் கூற்றுகள் அதில் இருக்கின்றன. 2007இல் ஆறு கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. பல குழுக்களை ஒப்பிட வசதியானது. ஆனால் அடிமைமுறையும் பிரிவினையும் ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுத்த கேள்விகளை அதில் கேட்க முடியாது.

இன்னும் எட்டாதவை

இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. நாற்பது வயதுத் தொழிலாளியின் அடையாளம் அதே வடிவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நைஜீரியாவிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ அமெரிக்கா வந்தவருக்குக் கறுப்பு என்ற அடையாளம் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு மேலே வந்து விழுந்ததாக இருக்கலாம். அவரிடம் இந்தக் கூற்றுகளைக் கேட்டால் பதில் வரும், ஆனால் அதன் பொருள் வேறாக இருக்கும். செல்லர்ஸின் கோட்பாட்டிலேயே உள்ள ஓர் அம்சம், அதாவது இந்தக் கணத்தில் இனம் மனத்தில் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது, வினாத்தாளில் கிடையாது. வகுப்பில் தான் ஒருத்தி மட்டுமே கறுப்பு என்று உணரும் நொடியில் அது மேலே வரும், வீட்டுக்கு வந்ததும் அடங்கும். ஒருமுறை நிரப்பும் தாளில் அதைப் பிடிக்க முடியாது.

56 கூற்றுகளையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் எடுக்கக் கூடாது என்று செல்லர்ஸ் குழுவினர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி ஆலோசகர் ஒருவர் இரண்டு மாணவிகளின் தாளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்குத் தன் இனத்தின் மேல் மதிப்புக் குறைவு, ஊர் மதிக்கிறது என்ற நம்பிக்கை அதிகம். மற்றவளுக்கு இதற்கு நேர்மாறு. கூட்டினால் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். முதலாமவளிடம் அவள் தன்னைப் பற்றி என்ன நம்புகிறாள் என்று பொறுமையாகப் பேச வேண்டும். இரண்டாமவளிடம் தன்னம்பிக்கைப் பாடம் நடத்துவதில் பயனில்லை. அந்தப் பள்ளியில் அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும், கேட்டதை வைத்து ஆலோசகர் பள்ளி நிர்வாகத்திடம் போக வேண்டும்.